ஜெனரேட்டரையும் இழுக்கணும், தினமும் ஓட்டவும் செய்யணும்: எந்தப் பழைய டீசல் பிக்கப் வாங்கலாம்?

வாசகர் கேள்வி: பெங்களூரு விவேக் நகரில் மேடை விளக்கு, ஒலிபெருக்கி வாடகைத் தொழில் செய்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வரை போவோம். 25 கேவிஏ ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்க வெளி வண்டி பிடிப்பதிலேயே லாபம் போய்விடுகிறது. மற்ற நாட்களில் கடைக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அதே வண்டி வேண்டும். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். 2018 இசுஸு வி-க்ராஸ், கர்நாடகா வெள்ளை போர்டு. 2021 பொலேரோ கேம்பர், ஓசூர் டி.என். 70, மஞ்சள் போர்டு. 2015 டாடா ஸெனான், டெல்லி வண்டி, விலை ரொம்பக் குறைவு. எதை எடுக்கலாம்?

பதில்: வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் டிரெய்லரை ஒரு எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். ஜெனரேட்டர், டேங்க் நிறைய டீசல், கேபிள் சுருள்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் எடை போடுங்கள். 25 கேவிஏ சைலன்ட் ஜெனரேட்டர் மட்டுமே ஒரு டன்னை ஒட்டி வரும். அதன் மேல் சட்டம், அச்சு, சக்கரம். அந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் மற்ற பேச்சு. கூடவே, கொக்கியில் விழும் எடையையும் தனியாகப் பாருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு ரொம்பக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். ரொம்பக் கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறையும்.

வெளிநாட்டில் இசுஸு டி-மேக்ஸ் (வி-க்ராஸின் மூல மாடல்) 3.5 டன் இழுக்கும் என்று நீங்கள் படித்திருக்கலாம். அது அந்த நாட்டு மாடலுக்கு, அதுவும் சொந்த பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்கேயே 750 கிலோதான். நம்மூர் வெல்டிங் பட்டறையில் செய்த ஜெனரேட்டர் டிரெய்லர் பலவற்றில் பிரேக்கே கிடையாது. இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் சேலம் போகிற வழியில், தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் எத்தனை உயிர்களை வாங்கிய இடம் என்பது அந்த வழியில் போகிற எல்லோருக்கும் தெரியும். அங்கே பின்னாலிருந்து ஒன்றரை டன் தள்ளினால், முன்னால் இருப்பது எந்தக் கம்பெனி வண்டி என்பதற்கு அர்த்தமே இல்லை. டிரெய்லரே வண்டியை முட்டும்போது தானாகப் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக்கைப் பொருத்துங்கள். வண்டி வாங்கும் பணத்தில் முதல் செலவாக இதை எடுத்து வையுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. மேட்டில் ஏறும் கியரிலேயே இறங்குங்கள்.

இப்போது மூன்று வண்டிகளுக்கு வருகிறேன்.

டெல்லி ஸெனானை விட்டுவிடுங்கள். 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தொடங்கி, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த, 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்ற விதியால் அங்கே பழைய டீசல் வண்டிகளின் விலை சரிந்தது. அவைதான் தெற்கே வருகின்றன. தடையில்லாச் சான்று, இங்கே கட்டும் வரி, மறுபதிவு, அலைச்சல் எல்லாம் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும். பத்து வயது வண்டியில் இவ்வளவு பாரம் இழுக்கப்போகிறவருக்கு மலிவு ஒரு காரணமே ஆகாது.

வி-க்ராஸ் ஓட்டுவதற்கு மூன்றிலும் இதமானது. பழைய 2.5 லிட்டர் இன்ஜின், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் திருகுவிசை, ஏற்றத்தில் திணறாது. ஆனால் 5.3 மீட்டர் நீள வண்டியை விவேக் நகர் சந்துகளில் தினமும் நிறுத்த வேண்டும், டிரெய்லரை மாட்டினால் இன்னும் மோசம். அதைவிடப் பெரிய சிக்கல் வெள்ளை போர்டு. தனியார் கார் பாலிசியை எடுத்து, வண்டியின் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள்: வாடகைக்கு ஓட்டுவதும், சாம்பிள், சொந்த லக்கேஜ் தவிர மற்ற சரக்கு ஏற்றுவதும் அதில் அடங்காது. ஸ்பீக்கர் பெட்டிகளோடு ஒரு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். தொழிலுக்கு ஓடும் வண்டி மஞ்சள் போர்டாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, என் தேர்வு கேம்பர். இரட்டை கேபின், பின்னால் ஏறக்குறைய ஒரு டன் ஏற்றலாம், 2.5 லிட்டர் இன்ஜினுக்கு எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், பாகங்கள் ஜே.சி. ரோட்டிலேயே கிடைக்கும். வேகம் கிடைக்காது, ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால்தான் போக வேண்டியிருக்கும். காலியாக ஓடும்போது கமான் பட்டை (பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) தூக்கித் தூக்கிப் போடும், பிள்ளைகள் முனகத்தான் செய்வார்கள். பரவாயில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பதால் ஆர்.சி.யில் அந்த எண்ணைப் பாருங்கள். உங்கள் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும், 7,500 கிலோ வரை சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்துவிட்டது.

ஆனால் இந்த ஒப்புதல் மாடலுக்குத்தான், அந்த ஓசூர் வண்டிக்கு இல்லை. அதை நீங்கள் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானோர் பேனட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பாரம் இழுத்த வண்டியின் கதை பின்னால், அடியில் எழுதியிருக்கிறது. டார்ச்சும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு பின் அச்சுக்குக் கீழே போங்கள். கமான் பட்டைகளை எண்ணுங்கள். மற்றவை துருவேறிப் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் புதிதாகக் கறுப்பாக இருந்தால் பட்டை கூட்டியிருக்கிறார்கள், வண்டி எடைக்கு மேல் உழைத்திருக்கிறது. பட்டை சேசிஸில் தொங்கும் பிராக்கெட்டைச் சுற்றித் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கேதான் மயிரிழை விரிசல் வரும். வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பின் பம்பரில் ஏற்கெனவே கொக்கி வெல்டு செய்திருந்தால் அவரும் இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். எதை இழுத்தார் என்று நேராகக் கேளுங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். நீங்கள் போகும்போதே பேனட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. காலை எடுத்ததும் பின்னாலிருந்து ஊளை வந்தால் பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. முதல் கியரும் ரிவர்ஸும் மாறி மாறிப் போடும்போது 'டக்' என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட். கிளட்சும் ஜாயின்ட்டும் விலையில் குறைத்துக்கொள்ளக்கூடியவை. கிரவுன் அப்படியல்ல.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் என்பதால் இன்னொரு விஷயம். புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள வண்டியா என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். அந்தக் கரி எரிந்து சுத்தமாக, நிற்காமல் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளி, கடை, சில்க் போர்டு நெரிசல் என்று மட்டுமே ஓடினால் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், பிறகு பவரே வராது. வாரம் ஒருமுறை நைஸ் ரோட்டிலோ ஓசூர் சாலையிலோ இருபது நிமிடம் விட்டு வாருங்கள். வாங்கும்போது சைலன்சர் குழாய்க்குள் விரலைத் துணி சுற்றி விட்டுப் பாருங்கள். டிபிஎஃப் வேலை செய்யும் வண்டியில் துணி ஏறக்குறைய சுத்தமாக வரும். கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தால் உள்ளே இருப்பதைக் கழற்றி வெற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அது சட்ட விரோதம், எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டினால் செலவு உங்கள் தலையில்.

கடைசியாகக் காகிதம். மாநிலம் தாண்டி வருவதால் ஓசூர் ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் இருந்திருந்தால் முடிந்ததற்குப் படிவம் 35. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடக எண் வாங்கியே ஆக வேண்டும். வரியை அதற்கும் முன்பே கேட்பார்கள், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் எஃப்.சி., சலான், வரி பாக்கி தெரியும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய கிலோமீட்டர் பதிவுகளைக் கேளுங்கள், மீட்டர் திருப்பியிருந்தால் அங்கே பிடிபடும்.

டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும். சரக்கு வண்டி பாலிசி சாதாரணமாக டிரெய்லர் இழுப்பதைச் சேர்க்காது, அதைச் சொல்லித் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அட்வான்ஸ் கொடுக்கலாம், ஆனால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.