மகள் லான்சியே ஆடலாமோ எண்டு கேட்ட கோயம்புத்தூர் தங்கச்சிக்கு

தங்கச்சி, டென்மார்க்குல ஆர்ஹுஸுக்கு வந்து எட்டு மாசம், மகள் ஜிம்னாசியத்துல, அதாவது இஞ்சத்த மேல்நிலைப் பள்ளியில, ஐபி எண்ட சர்வதேசப் பாடத்திட்ட வகுப்பு, மார்ச் மாசம் ஸ்கூல்ல கல்லா ஃபெஸ்ட் எண்டு ஒண்டு வருது, அதுல லான்சியே எண்டு ஏதோ பழங்காலத்து டான்ஸாம், ஒரு பொடியனோட சோடி சேர்ந்து ஆடணுமாம், நீளக் கவுன் வேணுமாம், விடலாமா, அது என்ன டான்ஸ், போனும் கையுமாத் திரியுற பிள்ளைகள் 150 வருஷத்துக்கு முந்தின ஆட்டத்துக்கு ஏன் இப்பிடி அலையுதுகள் எண்டெல்லாம் கேட்டிருந்தீங்க. நான் மட்டக்களப்பான், 1988ல இஞ்ச வந்தவன், என்ட தமிழ் உங்கட காதுக்குக் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்க.

விடுங்க. நேரமில்லாட்டி இதோட வாசிக்கிறத நிப்பாட்டலாம்.

நேரம் இருந்தா என்ட கதையையும் கேளுங்க, ஏனெண்டா நான் விடாதவன். மூத்தவ ஜிம்னாசியத்துல படிக்கக்குள்ள இதே கேள்வி எங்கட வீட்டுக்கும் வந்தது, 2007ல. நான் என்ன ஏது எண்டு விசாரிக்கவும் இல்ல. பார்ட்டி, நீளக் கவுன், பொடியன், மூண்டு சொல்லும் காதுல விழுந்ததும் வேணாம் எண்டுட்டன். அவளும் ஒண்டும் பேசல்ல, அண்டைக்குக் காய்ச்சல் எண்டு ஸ்கூலுக்குச் சொல்லிட்டு அறைக்குள்ள படுத்துட்டாள். ரெண்டு மூண்டு வருஷம் கழிச்சு அவளோட படிச்ச பிள்ளை ஒண்டு வீட்டுக்கு வந்த நேரம் பேச்சுவாக்கில சொல்லிச்சு, அண்டைக்கு எங்கட கட்டத்துல ஏழு பேர்தான் நிண்டம், பிறகு டீச்சர் ஓடி வந்து இவள்ட இடத்துல நிண்டவங்க எண்டு. இது எட்டுப் பேர் இல்லாட்டி ஆட ஏலாத ஆட்டம் எண்டே எனக்கு அப்பதான் தெரியும். நான் மகளை மட்டும்தான் மறிச்சன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

சரி, இது என்ன ஆட்டம் எண்டு சொல்றன். குவாட்ரில் எண்டு ஒரு ஆட்ட வகை, நாலு சோடி ஒரு சதுரத்தின்ட நாலு பக்கத்துலயும் நிண்டு ஆடுறது. பிரான்ஸ்ல இருந்து 1815ல ஜெர்சி சீமாட்டி எண்டவ லண்டன் ஆல்மக்ஸ் மண்டபத்துக்குக் கொண்டுவந்தவ, அந்த நாளையில பெரிய இடத்து ஆக்கள்தான் அங்க ஆடப் போவாங்க. அதுல பிறந்த ஒரு வகைதான் லான்சர்ஸ், 1817 வாக்கில டப்ளின் பக்கம் தொடங்கினது, பிறகு கொஞ்சக் காலம் கவனிப்பார் இல்லாமக் கிடந்து 1850களில லண்டன்லயும் பாரிஸ்லயும் திடீரெண்டு பிடிச்சு, 1860 வாக்கில டென்மார்க்குக்கு வந்தது. லான்சியே எண்டா ஈட்டிக் குதிரைப் படைக்காரன். கனக்க ஊர்களில வால்ஸும் பிறகு ஜாஸும் வந்து இதைத் துடைச்சுப் போட்டுது, இந்த ஊர்க்காரர் விடல்ல. பெரிய இடத்து மண்டபத்துல இருந்து இறங்கி இறங்கிக் கடைசியில ஸ்கூல் விளையாட்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கு, அந்த ரப்பர் தரையில பாஸ்கெட்பால் கோட்டுக்கு மேல நிண்டு கவுனும் கோட்டுமாப் பிள்ளைகள் ஆடுறதை நீங்க பார்க்கணும்.

மொத்தம் அஞ்சு பகுதி, டூர் எண்டு சொல்லுவாங்க. முதல் டூர்ல எதிர் எதிர்ச் சோடி முன்னுக்கு வரும், ஒரு சோடி மற்றச் சோடிக்கு நடுவால பூந்து போகும். ரெண்டாவதுல சதுரம் உடைஞ்சு நாலு நாலு பேரா ரெண்டு வரிசையாகும். மூண்டாவதுக்குப் பேர் மூலினே, சின்னக் காத்தாலை எண்டு அர்த்தம், பொம்பிளைப் பிள்ளைகள் நாலு பேரும் நடுவுல வலக்கையைச் சேர்த்துப் பிடிச்சுச் சுத்துவாங்க, உங்கட வீட்டுக்காரர் காத்தாலைக் கம்பனிலதானே வேலை, அவருக்குச் சொல்லுங்க. அதுலதான் ஒரு இடத்துல பாட்டு அப்பிடியே நிண்டு காத்திருக்கும், ஆடுறவங்க பணிஞ்சு வணங்கி எழும்புமட்டும். நாலாவதுக்கு விசிட் எண்டு பேர், வலப்பக்கச் சோடியிட்டப் போய் ஒரு வணக்கம், பிறகு இடப்பக்கச் சோடியிட்டப் போய் ஒரு வணக்கம். இந்த நாட்டுல ஒரு வீட்டுக்குப் போறதெண்டா மூண்டு கிழமைக்கு முன்னமே நாள் குறிக்கணும், ஆட்டத்துல மட்டும் கேக்காமப் பக்கத்து வீட்டுக்குப் போவாங்க. அஞ்சாவது பெரிய சங்கிலி, கேதே எண்டுவாங்க. சோடிக்கு வலக்கை, அடுத்த ஆளுக்கு இடக்கை, அதுக்கடுத்த ஆளுக்கு வலக்கை, இப்பிடியே எட்டுப் பேரும் பின்னிப் பின்னிப் பாதித் தூரத்துல தன்ட சோடியைச் சந்திச்சு ஒரு வணக்கம் வைச்சுட்டு, மிச்சப் பாதியையும் பின்னி நிண்ட இடத்துக்கே வந்து சேரணும். பிறகு படை நடக்கிற மாதிரி ஆம்பிளைகள் ஒரு வரிசை பொம்பிளைகள் ஒரு வரிசை.

இப்ப பொடியன் விசயம். சோடி எண்ட சொல்லைக் கேட்டு நீங்க பயப்படுறது எனக்கு விளங்குது, ஆனா உங்கட பயம் வால்ஸுக்குத்தான் சரி. வால்ஸ் ரெண்டு பேர் இடுப்பைப் பிடிச்சுத் தங்கட பாட்டுல சுத்துறது, அது வந்த காலத்துல ஐரோப்பாவுலயே அப்பா அம்மாமார் உங்களை மாதிரித்தான் துடிச்சிருக்காங்க. லான்சியே அப்பிடி இல்ல. கையைப் பிடிப்பான், ஒரு சுத்துச் சுத்துவான், விடுவான், பிறகு மகள் மற்ற மூண்டு பொடியன்மாருக்கும் மூண்டு பிள்ளைகளுக்கும் கை குடுத்துட்டுத்தான் திரும்பி வருவாள். கட்டத்துல உள்ள எட்டுப் பேருக்கும் எல்லார்ட முகமும் தெரியும். எங்கட ஊர்ச் சந்தியில அப்பிடி ஒரு வெளிச்சம் இல்ல.

எங்கட வீட்டுல ரெண்டாவது மகன். அவன்ட முறை 2011ல வந்தது, நான் வாயைத் திறக்கல்ல. ஆனா அவனுக்கு இந்தச் சங்கிலி வருகுதே இல்ல, எந்தக் கை எந்த ஆளுக்கு எண்டு குழம்பிக் குழம்பி வகுப்புல எல்லாரும் சிரிக்கிறாங்க எண்டு வந்து முகத்தைத் தூக்கி வைச்சிருந்தான். ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டுல பழகிப் பார்ப்பம் எண்டு இறங்கினம். மகன், மூத்தவ, மனுசி வீட்டுச் சட்டையோட, நான் கால்ல சொக்ஸோட, நாலு பேர். மிச்ச நாலு பேருக்கும் சாப்பாட்டு மேசைக் கதிரை. கதிரைட முதுகைத் தொட்டுட்டுப் போறது, அதுதான் கை குடுக்கிறது. சத்தம் கேட்டோ என்னவோ பக்கத்து வீட்டு மனுசி வந்து மணி அடிச்சவ. எழுபது வயசு தாண்டின டேனிஷ்காரி, பதினொரு வருஷமா வேலிக்கு அங்கால நிண்டு ஹை எண்டு ஒரு சொல், அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. சத்தத்துக்கு ஏசப் போறா எண்டு நினைச்சன். ஜன்னலால பார்த்தனான், மூண்டாவது டூரைப் பிழையா ஆடுறீங்க எண்டா.

சப்பாத்தைக் கழட்டிட்டு உள்ள வந்து ஒரு கதிரையைத் தூக்கி ஓரத்துல வைச்சுட்டு அந்த இடத்துல தான் நிண்டா. பிறகு போனைப் போட்டுப் புருசனையும் கூப்பிட்டா, இன்னொரு கதிரை குறைஞ்சுது. ஸ்கூல்ல படிக்கக்குள்ள ஆடினதாம், அம்பது வருஷத்துக்கு மேல, ஒரு அடி மறக்கல்ல. நான் இடக்கையை நீட்டுற நேரமெல்லாம் என்ட தோள்ல ஒரு தட்டு, ஹொய்ர, ஹொய்ர, வலம் வலம் எண்டு. அவட கை குளிர்ந்துபோய் உலர்ந்து கிடந்தது, பிடி மட்டும் இரும்பு மாதிரி. நான் தையல் பக்டரியில வேலை செய்து காய்ச்சுப்போன கை, குடுக்கக் கூச்சமா இருந்தது, ஆனா பாட்டு போய்க்கொண்டிருக்கு, கையைக் குடுக்காட்டிச் சங்கிலி அறும், கூச்சப்பட எங்க நேரம்.

பிள்ளைகள் ஏன் அலையுதுகள் எண்டு கேட்டீங்களே, எனக்கு இதுதான் காரணமாத் தெரியுது. இந்த ஊர் ஆக்கள் கெட்ட ஆக்கள் இல்ல, சரியான கூச்சக்காரர். பஸ்ல பக்கத்துல இருந்தாலும் தொடமாட்டான், பேசமாட்டான். டிஸ்கோவுல விட்டா வடிவான பிள்ளையைச் சுத்திப் பத்துப் பேர், மற்றவள் சுவரோட. இதுல யாரும் யாரையும் தெரிவுசெய்து கூப்பிடத் தேவையில்ல, இந்தத் தாளத்துக்கு இன்னாருக்குக் கை குடுக்கணும் எண்டு விதி சொல்லுது, நீ குடுக்கிறாய். வடிவு, குண்டு, வெள்ளை, கறுப்பு, ஒண்டும் விதிக்குத் தெரியாது. பெரிய கால் வித்தையும் வேணாம், தொடக்கத்துல துள்ளல் எல்லாம் இருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு பாதி தாண்ட முன்னமே வெறும் நடையாப் போச்சுது, நடக்கத் தெரிஞ்சா ஆடலாம். கல்லாவுக்குக் கால் வலிக்க வலிக்கப் பழகுறதும் இந்த எட்டுப் பேரையும் விழுத்தக் கூடாது எண்டுதான். வெளியில இருந்து வந்த பிள்ளைக்கு இதை விட என்ன வேணும், அவளுக்கு எண்டு ஒரு இடம் காலியாக் கிடக்கு, அவள் வராட்டி ஏழு பேர் நிப்பாங்க.

வசந்தன் ஆடின எனக்கு இது முதல்லயே விளங்கி இருக்கணும். எங்கட பக்கம் சின்ன வயசுல கோயிலடியில வசந்தன் கூத்து ஆடுவம், வட்டமா நிண்டு கோல் அடிச்சு உள்ளுக்கும் வெளியுக்கும் மாறி மாறி, ஒருத்தன் பிழைச்சா அடுத்தவன்ட விரல்ல அடி விழும். உங்கட கொங்குப் பக்கம் வள்ளி கும்மியை இப்ப திரும்ப ஊர் ஊராப் பழகி ஆடுறாங்க, வீடியோ பார்த்தன், அதே கதைதான். இன்னொண்டு சொன்னா ஆச்சரியப்படுவீங்க, கொழும்புப் பறங்கியர், ஐரோப்பியக் கலப்பு வழியில வந்த ஆக்கள், அவங்கட வீட்டு விருந்துகளிலயும் ஒரு காலம் லான்சர்ஸ் ஆடியிருக்காங்க. எங்கட மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டுல வயலின் வாசிக்க வாசிக்கச் சோடி சோடியாக் கஃபிரிஞ்ஞா எண்ட ஆட்டம் ஆடுறதைச் சின்னப் பொடியனா வேலியால எட்டிப் பார்த்திருக்கிறன். குவாட்ரில் ஜமைக்காவுலயும் இருக்கு, அயர்லாந்துல கிளேர் பக்கம் சாராயக் கடையில ஆடுவாங்க, சீஷெல்ஸ் தீவுல அது கம்தோலே. வியன்னா நடன விருந்துகளில நடுச்சாமத்துக்கு ஆடுற குவாட்ரில் இன்னொரு சாதி, ஸ்ட்ராவுஸ் எண்ட இசைக்காரர் 1874ல போட்ட மெட்டு, ஒருத்தர் மேடையில நிண்டு சத்தமாச் சொல்லச் சொல்ல நூற்றுக்கணக்கான ஆக்கள் ஆளுக்காள் முட்டி விழுந்து சிரிக்கிறது, அங்க பிழைக்கிறதுதான் பகிடியே. டேனிஷ்காரனுக்கு அது சரிவராது, இவங்களுக்குச் சங்கிலி சரியா முடியணும்.

இனி வேலைக்காகிற விசயம். கவுன் புதுசா வாங்காதீங்க, ஒரு ராத்திரிக் கூத்து, ரோட கோர்ஸ் கடை, செஞ்சிலுவைச் சங்கத்துப் பழைய உடுப்புக் கடைதான், அங்க தேடுங்க, இல்லாட்டி மேல் வகுப்புப் பிள்ளைகளிட்ட வாங்கலாம். நிலத்துல இழுபடுற நீளம் வேணாம், கணுக்கால் தெரியட்டும், பின்பக்கமா நடக்கிற இடம் இருக்கு. சேலை உடுக்க ஆசைப்பட்டா உடுக்கட்டும், ஆனா முந்தானையை மடிச்சுத் தோள்ல நல்லாப் பின் குத்துங்க, சங்கிலியில பின்னுற நேரம் அடுத்தவன்ட பொத்தானில மாட்டும், கொசுவத்தையும் ரெண்டு விரல் உயத்திக் கட்டுங்க. ஊசிக் குதிச் சப்பாத்து வேணாம். சோடியைச் சில ஸ்கூல்ல சீட்டுப் போட்டு எடுப்பாங்க, சில இடத்துல பிள்ளைகளே பேசி வைப்பாங்க, எப்பிடி எண்டு டீச்சருக்கு நேர எழுதிக் கேளுங்க, இஞ்ச கேட்டாப் பிழையா எடுக்கமாட்டாங்க. கனக்க ஸ்கூல்ல ஆட்டத்துக்கு மட்டும் பெற்றார் வந்து பார்க்கலாம், போங்க, ரெண்டு பேரும் போங்க.

ஆட்டத்துக்குப் பிறகு வாற பார்ட்டி வேற கணக்கு. அங்க குடி இருக்கும், அதை மறைச்சுச் சொல்லி உங்களை ஏமாத்தேல்ல. அதை மகளோட நேர பேசுங்க, எத்தினை மணிக்குக் கூப்பிட வாறது எண்டு முன்னமே முடிவுகட்டுங்க, வாசல்ல நிக்காம ஒரு சந்தி தள்ளிக் காரை நிப்பாட்டுங்க, அவளுக்கும் ஒரு மானம் இருக்கு. ஆனா அந்தப் பயத்துக்காக ஆட்டத்தையும் சேர்த்து மறிச்சுப்போடாதீங்க, நான் செஞ்ச பிழை அதுதான்.

கடைசியா ஒண்டு. எந்தச் சோடியா நிக்கிறாள் எண்டு மகளிட்டக் கேளுங்க. ஒவ்வொரு டூரும் நாலு தரம் வரும், ஒவ்வொரு தரமும் ஒரு சோடி தொடங்கி வைக்கும், நாலாவது சோடிக்கு மூண்டு தரம் மற்றவங்களைப் பார்த்துப் பழக நேரம் கிடைக்கும், பயந்த பிள்ளைகள் அங்கதான் நிக்கப் பார்க்கும். நாலாவது எண்டாப் பிரச்சினை இல்ல. முதலாவது சோடி எண்டா ஒரு ஞாயிறு பின்னேரம் ஹெர்னிங் பக்கம் வாங்க, கார்ல ஒரு மணித்தியாலம் சொச்சம்தான். நீங்க மூண்டு பேர், நாங்க ரெண்டு பேர், பக்கத்து வீட்டு ஐயா போயிட்டார், அம்மா இன்னும் இருக்கா, வருவா. ரெண்டு கதிரை போட்டாக் காணும்.