ஒரே மருந்தில் தோட்டத்துக் களை முழுதும் சாகுமா?

கேள்வி: எங்கள் தோட்டம் பெரியது. பழமரங்கள், காய்கறிப் பாத்தி, நடைபாதை எல்லாம் உண்டு. ஆள் வைத்துக் கொத்தினாலும் கோரையும் அருகும் திரும்பத் திரும்ப வருகின்றன. மொத்தமாக ஒழித்துக்கட்ட நல்ல களைக்கொல்லி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: மொத்தமாக ஒழிக்கிற மருந்து உங்கள் காய்கறியையும் சேர்த்துத்தான் ஒழிக்கும். பெரிய தோட்டம் என்பதால் ஒரே மருந்தை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு வேலையை முடிக்கத் தோன்றும், ஆனால் இடத்துக்கு இடம் வழி வேறு.

நடைபாதையிலும் வெற்றுத் தரையிலும் கிளைபோசேட் போதும். இது இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்குகிற மருந்து, அதனால் அருகு போன்ற வேரோடிப் புல்லுக்குப் பொருத்தமானது. களை பச்சைப்பசேலென்று வளர்கிற நேரத்தில் அடியுங்கள். நேற்றுதான் வெட்டிவிட்ட புல்லில் மருந்தை வாங்க இலையே இருக்காது. இன்னொன்று, கலக்கும் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் உள்ள மண்துகள் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், காசு தண்டம். தெளித்தபின் ஆறு மணி நேரமாவது மழை வரக்கூடாது. மூன்றாம் நாளும் பச்சையாகவே நிற்கிறதே என்று மறுபடி அடிக்காதீர்கள், மஞ்சளாக ஒரு வாரம், காய இரண்டு வாரம் ஆகும்.

கோரைதான் தலைவலி. ஈர மண்ணில் ஒன்றை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள், நூல் மாதிரி ஒரு வேர்த்தண்டில் கிழங்கு கிழங்காகக் கோத்திருக்கும். மேலே இலை செத்தாலும் கீழே உறங்குகிற கிழங்கு பிறகு முளைக்கும். கொத்தும்போது தண்டு அறுந்து, தூங்கிய கிழங்கெல்லாம் விழித்துக்கொள்வதால்தான் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. அதனால் கிளைபோசேட் ஒரு தடவை அடித்தால் போதாது. மறுபடி நாலைந்து இலை விட்டதும் இன்னொரு தெளிப்பு, தேவைப்பட்டால் அதற்குப்பின் ஒன்று. புல்தரைக்குள் கோரை புகுந்திருந்தால் ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் என்று தனி மருந்து உண்டு, உங்கள் புல்வகைக்கு ஆகுமா என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் எனக்குப் பிடித்தது மூடாக்குதான். காய்ந்த இலை, மரத்தூள் எதுவானாலும் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போடுங்கள், அடிமரத்தைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. இளம் மரத்தின் பச்சைப்பட்டை கிளைபோசேட்டை உறிஞ்சிக்கொள்ளும், அங்கே தெளிப்பதானால் மருந்து பக்கத்தில் சிதறாதபடி நாசிலைச் சுற்றி மறைப்பு மாட்டித்தான் தெளிக்க வேண்டும்.

காய்கறிப் பாத்திக்குப் பலர் பென்டிமெத்தலின் வாங்குகிறார்கள். அது முளைக்கப்போகிற விதையைத் தடுக்கும், வளர்ந்து நிற்கிற களையை ஒன்றும் செய்யாது. நின்ற களைமேல் அடித்துவிட்டு ‘போலி மருந்து’ என்று திட்டுபவர்களுக்கு என்ன சொல்ல! எல்லாக் காய்க்கும் அது ஆகாது என்பதால், வீட்டுப் பாத்திக்குக் கையும் களைக்கொத்தும் மூடாக்கும்தான் என் சிபாரிசு. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி என்ற மருந்தை அடிப்பதென்றால் தக்காளிப் பக்கமே போகாதீர்கள், காற்றில் கொஞ்சம் வந்தாலே இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பான் தனியாக இருக்கட்டும். அதே டேங்கில் பிறகு பூச்சிமருந்து கலந்தால், அடியில் தங்கியதே செடியைக் கெடுத்துவிடும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரே நாளில் கருக்கிவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் வேர் சாகாது. தவறி ஒரு வாய் உள்ளே போனால் மனிதருக்கு மாற்றுமருந்தும் கிடையாது. வீட்டுத் தோட்டத்துக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். கிளைபோசேட்டையும் 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற வகையில் சேர்த்தது, பல அரசு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. சர்ச்சை எப்படியோ போகட்டும், கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் இல்லாமல் தெளிக்க இறங்காதீர்கள்.

கேள்வி: வினிகரும் உப்பும் கலந்து தெளித்தால் போதும் என்கிறார்களே?

பதில்: சமையல் வினிகர் இளம் நாற்றின் இலையைக் கருக்கும், அவ்வளவுதான். கோரை ஒரு வாரத்தில் திரும்ப வரும். உப்பு வேண்டவே வேண்டாம், மண்ணிலேயே தங்கி, பிறகு நீங்கள் வைக்கிற செடியையும் வளரவிடாது.