வைக்கோலிலிருந்து எத்தனால்: முன்நேர்த்தி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அரைத்த வைக்கோலை நேரடியாக, செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதியில் போட்டால் சர்க்கரை மிகக் குறைவாகவே வருகிறது. நொதி எட்டும்படி வைக்கோலைத் திறந்துவிடும் முன்நேர்த்திக்கு அமிலம் நல்லதா, காஸ்டிக் சோடாவா?

பதில்: வைக்கோலில் செல்லுலோஸோடு, ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைத் தொடரும், இவற்றைப் பிணைத்துக் கெட்டியாக்கும் லிக்னினும் உண்டு. அமிலம் ஹெமிசெல்லுலோஸைக் கரைத்து சைலோஸ் என்ற சர்க்கரையாக நீரில் இறக்கிவிடும், லிக்னின் பெரும்பாலும் சக்கையிலேயே நிற்கும். காஸ்டிக் சோடா லிக்னினைக் கரைக்கும். ஹெமிசெல்லுலோஸில் ஒரு பங்கு செல்லுலோஸோடு தங்கிவிடும். சாதாரண ஈஸ்ட் சைலோஸைப் புளிக்க வைக்காது. எனவே சைலோஸுக்கு வேறு பயன் இல்லாதவர்கள் காஸ்டிக்கில் தொடங்குவதே மேல். வைக்கோல், சோளத்தட்டை போன்ற புல்லினங்களுக்கு இது நன்றாகப் பலிக்கும். ஊசியிலை மரத்தூளுக்கு அவ்வளவாகப் பலிக்காது.

கேள்வி: செய்முறையில் ‘2 சதவீத காஸ்டிக்’ என்று இருக்கிறது. அதே அளவில் செய்தும் ஒவ்வொரு முறையும் முடிவு மாறுகிறது. ஏன்?

பதில்: கரைசலின் செறிவை மட்டும் பார்க்கிறீர்கள். வைக்கோலுக்கு எவ்வளவு காரம் போய்ச் சேர்கிறது என்பதுதான் முக்கியம். 50 கிராம் வைக்கோலை 500 மி.லி. கரைசலில் போட்டால், ஒரு கிராமுக்கு 0.2 கிராம் காஸ்டிக். அதே வைக்கோலை ஒரு லிட்டரில் போட்டால் 0.4 கிராம்! இரண்டுமே ‘2 சதவீதம்’தான்.

ஈரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். 10 சதவீத ஈரமுள்ள வைக்கோலில் 50 கிராம் உலர் எடை வேண்டுமென்றால் 55.6 கிராம் எடுக்க வேண்டும். 2 முதல் 5 மி.மீ. துண்டுகள் போதும், மாவாக அரைத்தால் வடிகட்டும் துணி அடைத்துக்கொள்ளும். 500 மி.லி. கரைசலுக்கு 10 கிராம் காஸ்டிக்கை நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரையுங்கள், கரையும்போதே சூடேறும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 121 டிகிரி, ஒரு மணி நேரம், மூடியைத் தளர்வாக வைத்து. வெளியே வரும் நீர் கரும்பழுப்பாக இருக்கும்: கரைந்த லிக்னினும், வைக்கோலில் ஏராளமாக உள்ள சிலிக்காவில் ஒரு பகுதியும்தான் அது. கழுவும் நீர் தெளிந்து, பி.எச். 7-ஐ ஒட்டி வரும்வரை கழுவுங்கள். மிச்சக் காரம் இருந்தால் 4.8–5.0-ல் வேலை செய்யும் நொதி முடங்கிவிடும்.

கேள்வி: கழுவிய சக்கையை 105 டிகிரி அவனில் உலர்த்தி வைத்திருந்தோம். பிறகு நொதி சேர்த்தால் சர்க்கரை குறைகிறதே?

பதில்: உலர்த்தியதுதான் காரணம். நேர்த்தியில் திறந்த நுண்துளைகள் நீர் வெளியேறும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. 2 கிராம் மட்டும் எடுத்து உலர்த்தி ஈர அளவைக் கணக்கிடுங்கள். மீதியை ஈரமாகவே மூடி 4 டிகிரியில் வையுங்கள்.

கேள்வி: 1.5 சதவீத சல்ஃப்யூரிக் அமிலம், 180 டிகிரி, 30 நிமிடம். திரவம் கறுத்து, கருகிய வாடை. ஈஸ்ட் வளரவே இல்லை.

பதில்: வெப்பமும் நேரமும் மிக அதிகம். சைலோஸ் சிதைந்து ஃபர்ஃபுரால் ஆகியிருக்கிறது. ஈஸ்ட்டுக்கு அது நஞ்சு. தோராயமாக, வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் தாக்கம் இரட்டிப்பாகும். 160-லிருந்து 180-க்குப் போனால் நான்கு மடங்கு. நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்திருக்க வேண்டும். 1 சதவீதம், 160 டிகிரி, 10 நிமிடம் என்று தொடங்கி, முடிந்ததும் உடனே குளிர்வியுங்கள். சாம்பல் சத்து மிகுந்த மூலப்பொருள் அமிலத்தில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். ஆகவே நேர்த்திக்குப் பிறகும் பி.எச். அளந்து குறித்துவையுங்கள்.

கையிலுள்ள திரவத்தை மீட்க, வடிகட்டி 50–60 டிகிரியில் சூடாக்கி, சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 10-க்கு உயர்த்தி, அரை மணி நேரம் கழித்து, சுண்ணாம்பும் சல்ஃப்யூரிக் அமிலமும் சேர்ந்து படியும் ஜிப்சத்தை வடிகட்டி நீக்குங்கள். 10-ஐத் தாண்டினால் சர்க்கரையே அழியத் தொடங்கும். இந்த முறையில் அசிட்டிக் அமிலம் மட்டும் போகாது. ஹெமிசெல்லுலோஸிலேயே ஒட்டியிருந்து வருவது அது. ஈஸ்ட் நொதிப்பை பி.எச். 5.5-க்கு மேல் நடத்தினால் அதன் கடுமை தணியும். அமிலம் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றவே கூடாது.

கேள்வி: செல்லுலோஸ் குளுக்கோஸாவதில் 90 சதவீத மாற்றம் கிடைத்தும் எத்தனால் ஏன் குறைகிறது?

பதில்: அந்த 90 எதன் மீது? நேர்த்திக்குப் பின் மிஞ்சிய செல்லுலோஸ் மீது என்றால், கழுவலில் போனது கணக்கில் வரவில்லை. மூல வைக்கோலில் தொடங்குங்கள்: 100 கிராம் உலர் வைக்கோலில் 36 கிராம் செல்லுலோஸ் என்றால், 1.11-ஆல் பெருக்க (உடையும்போது நீர் சேர்வதால் எடை கூடும்) 40 கிராம் குளுக்கோஸ்; அதை 0.51-ஆல் பெருக்க (மீதி கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும்) 20.4 கிராம் எத்தனால், ஏறக்குறைய 26 மி.லி. இதுதான் உச்சவரம்பு. நேர்த்தியில் 36-ல் 6 கிராம் செல்லுலோஸ் கழுவலோடு போயிருந்தால், உங்கள் 90 உண்மையில் 75 மட்டுமே.