தூண்டில் கேள்வி – பதில்: ஈசல் விழும் அந்தி

கேள்வி: கோடை மழை பெய்த மறுநாள் அந்தியில் கொள்ளிடத்து மடுவில் ஈசல் விழுகிறது. மீன் மேலே வந்து ‘சளக் சளக்’கென்று பிடிக்கிறது. என் மண்புழுவை மட்டும் தொடவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகர், திருப்பனந்தாள்

பதில்: மீனின் கண் மேலே இருக்கிறது, உங்கள் புழு கீழே கிடக்கிறது. ஈசலையே இரையாக்கி மேலே மிதக்க விடுங்கள். முதலில் ஈயக்குண்டைக் கழற்றுங்கள். முள்ளிலிருந்து 3 அடி தள்ளி, மிதவைக்கு விரல்நுனி அளவு நெட்டித் துண்டு ஒன்று போதும். 6-ம் நம்பர் முள் ஈசலைக் கிழித்து மூழ்கடித்துவிடும். 14-ம் நம்பர் வாங்குங்கள். (எண் ஏற ஏற முள் சிறுக்கும், கடையில் குழம்ப வேண்டாம்.) தூண்டில் நரம்பு 0.16 மி.மீ.

ஈசலின் வயிற்றில் குத்தாதீர்கள், பிதுங்கிவிடும். இறக்கை முளைக்கும் நெஞ்சுப் பகுதியில் கோத்து, இறக்கையை விட்டுவையுங்கள். தண்ணீர்மேல் தாங்குவது அதுதான். நரம்பைத் தளர விட்டு மெல்ல இறக்குங்கள். மீன் இரையெடுத்த வளையம் தண்ணீரில் தெரிந்ததும் ‘ஒண்ணு’ என்று எண்ணிவிட்டு மணிக்கட்டை உயர்த்துங்கள். பார்த்த மாத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தால் வெளிச்சி மீனின் வாயிலிருந்து முள் நழுவிவிடும்.

ஈசல் கையில் இல்லையா? சேவலின் கழுத்து இறகை முள்ளின் தண்டில் நாலு சுற்றுச் சுற்றி, மெழுகு தேய்த்த நூலால் கட்டுங்கள். எடையே இல்லாததால் ரீல் தூண்டிலில் தூரம் போகாது. 12 அடி மூங்கில் கழியும் முதுகுக்குப் பின்னால் காற்றும் இருந்தால் போதும்.

ஒன்று: அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு. மடுவில் கால் வைக்காமல் மேட்டில் நின்றே போடுங்கள்.

கேள்வி: மேட்டூர் திறந்து புதுத்தண்ணி வந்ததும் வெண்ணாற்றில் கெண்டை கடிப்பதே இல்லையே?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஜூன் 12-ல் திறந்தாலும் கல்லணைக்குத் தண்ணீர் வந்துசேரச் சில நாள் ஆகும். முதலில் வருவது நுரையும் சருகும் கலங்கலும். கண்ணால் இரை தேடும் மீனுக்கு அதில் வேலை இல்லை. மீசையால் தடவி இரை தேடும் கெளுத்திக்கு அதுவே நல்ல நேரம். மதகை ஒட்டித் தண்ணீர் சுழன்று தேங்கும் மூலையில், தரையைத் தொட மண்புழு போடுங்கள். ஷட்டருக்கு நேர் கீழே நிற்க வேண்டாம், இழுப்பு சட்டென்று கூடும். கெண்டைக்கு, படித்துறையில் முழங்கால் தண்ணீரில் கால்விரல் தெரியும்வரை பொறுங்கள்.

கேள்வி: சிவப்புக் குஞ்சுத் திரளுக்கு அடியில் நிற்கும் விராலைப் பிடிக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: வேண்டாம். காவல் நிற்கும் விரால் போனால் அந்தத் திரளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.