எதிரியின் ரேடாரை ஜாம் செய்துவிட்டால், அதாவது இரைச்சல் அலையை அனுப்பிக் குழப்பிவிட்டால் போதாதா? எதற்குத் தேடித் தேடி ஏவுகணை விட்டு அழிக்கிறார்கள்?

போதாது தம்பி. நீங்கள் கணினி விளையாட்டில் பொத்தானை அமுக்கிப் பழகியவர் போலத் தெரிகிறது, தப்பாக நினைக்காதீர்கள். நான் மலேசிய ஆகாயப் படையில் 21 வருடம் ரேடார் பராமரிப்பில் இருந்தவன். எங்கள் சுங்கை சிப்புட்டில் இதைச் சொன்னால், "அண்ணே, மழை பேஞ்சா நம்ம வீட்டு டிவி தட்டுல படம் வர மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றுதான் கேட்பார்கள். அதனால் ரேடாரைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கை நிற்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் நான் பார்த்த எதையும் இங்கே எழுத மாட்டேன். 1972ஆம் வருடத்து ரகசியச் சட்டம் ஒன்று இருக்கிறது, எனக்குப் பென்ஷனும் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் ஊர் உலகம் அறிந்த விஷயங்களும் என் அப்பாவின் கதையும்தான்.

அப்பா செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இரவு ஜாகா, காவல்காரர். 1984இல் எனக்கு 12 வயது, பள்ளி விடுமுறையில் அவரோடு போவேன். வெட்டிச் சாலையோரம் குவித்த குலைகளை ராத்திரியில் லோரி கொண்டுவந்து திருடுவார்கள். அப்பாவிடம் ஐந்து பேட்டரி டார்ச் ஒன்று, ஒரு பிரம்பு, அவ்வளவுதான். டார்ச்சை அடித்தால் அவருக்கு ஐம்பது அடி தெரியும். அந்த வெளிச்சமோ பக்கத்து மேட்டில் இருப்பவனுக்கும் தெரியும். ரேடாரும் அப்படித்தான். அலை அங்கே போய்ப் பட்டுத் திரும்பி வந்தால்தான் நமக்குச் சேதி. எதிரிக்கு அது ஒருவழியாக வந்து சேர்ந்தாலே போதும். விளக்கு பிடித்தவனைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

திருடர்களில் ஒருவனிடம் லாஸ்டிக் (கல்லெறியும் உண்டிவில்) இருந்தது. ஒரு நாள் டார்ச் எரிந்த இடத்தைப் பார்த்து அடித்தான், கல் அப்பாவின் காதோரம் போய்ப் பனைமரத்தில் பட்டது. மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு அப்பாவின் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருக்குமே தவிர அமுக்காது. இருட்டில் நானும் அவரும் உட்கார்ந்துகொண்டு, லோரிப் பலகையில் குலை விழும் சத்தத்தை எண்ணினோம். டார்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரிகூடப் புதுசு. ஆனால் அது இருந்து என்ன பயன்?

வான் பாதுகாப்பை, அதாவது விமானங்களை வீழ்த்தக் காத்திருக்கும் ரேடாரையும் ஏவுகணையையும், அடக்குவது என்பது இதுதான். அழிப்பது வேறு, அடக்குவது வேறு. வியட்நாமில் 1965 ஜூலையில் சோவியத் ஏவுகணை ஒன்று அமெரிக்க எஃப்-4 விமானத்தை வீழ்த்திய பிறகுதான் ரேடாரைத் தேடி வேட்டையாடும் 'வைல்ட் வீசல்' என்ற விமானப் பிரிவே வந்தது. ரேடார் அலையைப் பிடித்துக்கொண்டு அது வரும் இடத்துக்கே போகும் ஷ்ரைக் ஏவுகணையை அவர்கள் பயன்படுத்தினார்கள். ரேடாரை அணைத்துவிட்டால் ஷ்ரைக் வழி தவறிவிடும். பின்னால் வந்த ஹார்ம், அணைத்தாலும் கடைசியாகக் கண்ட இடத்தை நினைவில் வைத்துப் போகும். அது வருகிறது என்ற பயத்திலேயே ரேடார்காரன் அணைத்து வைத்தால், அந்த நேரத்தில் விமானங்கள் கடந்துவிடும்.

சரி, ஜாமிங். திருடர்கள் லோரி முன்விளக்கை அப்பா முகத்தில் அடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும்வரை அவருக்கு ஒன்றும் தெரியாது. கிட்டே வந்தால் ஆளின் உருவம் தெரிந்துவிடும். கணக்கும் அதையே சொல்கிறது. தூரம் பாதியானால் ஜாமரின் இரைச்சல் 4 மடங்கு கூடும், ரேடாரின் எதிரொலியோ 16 மடங்கு கூடும். ஆகவே ஒரு கட்டத்தில் எதிரொலி இரைச்சலைத் தாண்டி வெளியே வந்தே தீரும். போதாததற்கு, இரைச்சல் போடுகிறவனையே குறிவைத்துப் போகும் ஏவுகணைகளும் உண்டு. ரேடாரை ஏமாற்றும் நுணுக்கமான ஜாமிங் இருக்கிறதே என்று யாராவது வருவீர்கள், தெரியும். அதுவும் பெரும்பாலும் எதிரி ரேடாரின் குணத்தை முன்பே படித்து வைத்திருந்தால்தான் சரியாக நடக்கும்.

அப்பாவை விளக்கடிக்க வைக்க இன்னொரு வித்தையும் செய்தார்கள். ஒருவன் மேற்குப் பக்கம் கல்லை வீசிச் சலசலப்பு காட்டுவான். அப்பா அங்கே டார்ச் அடித்தால், கிழக்கே இருப்பவனுக்கு அவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். 1982 ஜூன் 9ஆம் தேதி லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் செய்ததும் ஏறக்குறைய இதையேதான். ஆளில்லா விமானங்களை முன்னே அனுப்பினார்கள், சிரியாக்காரர்கள் ரேடாரைப் போட்டார்கள், மாட்டிக்கொண்டார்கள். 19 ஏவுகணைப் பிரிவுகளில் 17 அன்றே போனதாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. பழைய மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றைத் தூரத்து மரத்தில் மாட்டினார். கல்லெல்லாம் அங்கே போயிற்று. டார்ச்சை ஒரு விநாடி அடித்து அணைத்து, உடனே இருபது அடி நகர்ந்துவிடுவார். கொசோவோ போரில், 1999 மார்ச் 27இல், செர்பிய ஏவுகணை அதிகாரி ஸோல்டான் டானியின் பிரிவு, ரேடாருக்குச் சிக்காது என்று பெயரெடுத்த அமெரிக்க எஃப்-117 விமானத்தைப் பழைய ஏவுகணையால் வீழ்த்தியது. அவரும் ரேடாரைச் சில விநாடிகள் மட்டும் போட்டுவிட்டு இடம் மாறுகிறவர்தான். அந்தப் போரில் நேட்டோ படைகள் 700க்கும் மேல் ஹார்ம் சுட்டன, ஆனாலும் செர்பியர்களின் நடமாடும் பிரிவுகளில் நிறைய கடைசிவரை பிழைத்திருந்தன. அடக்கப்பட்டவன் சாகவில்லை, மறுநாள் ராத்திரி திரும்பவும் போடுவான். தேடித் தேடி அழிப்பது அதனால்தான். (அப்பாவை டானியோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், மகன் சொல்கிறேன், விட்டுவிடுங்கள்.)

ஒரு நாள் அப்பா இரண்டு பேரைக் கையும் களவுமாகப் பிடித்தார். அதில் ஒருவன் மண்டோருக்கு (தோட்டத்து மேஸ்திரிக்கு) மச்சான் முறை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விசாரணை என்றார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவன் மறுவாரமே குலை பொறுக்க வந்து நின்றான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதம், திருட்டுப் போன குலைக்கு என்று அப்பாவின் சம்பளத்தில் 40 வெள்ளி பிடித்திருந்தார்கள். அதைக் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கிராணி (கணக்கர்) தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அந்த மாசக் கணக்கு மூடியாச்சு பெரியவரே."