எஸ்.ஜி.பி.டி நார்மல், அப்புறம் ஏன் ஆபரேஷன் முடியாது என்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஹெபடைட்டிஸ் பி-யால் வந்த சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) இருக்கிறது. இப்போது கல்லீரலின் வலப்பக்கத்தில் 4 செ.மீ. அளவில் ஒரே ஒரு புற்றுக்கட்டி. ரத்தக்குழாய்க்குள் போகவில்லை, வேறெங்கும் பரவவில்லை என்கிறது ஸ்கேன். எஸ்.ஜி.ஓ.டி 46, எஸ்.ஜி.பி.டி 38, கிட்டத்தட்ட நார்மல். ஆனால் டாக்டர், “கல்லீரலுக்குத் தெம்பு போதாது, சைல்ட்-பியூ பி, வெட்டி எடுக்க முடியாது” என்கிறார். பிலிருபின் 2.4, ஆல்புமின் 3.1, ஐ.என்.ஆர் 1.4, தட்டணுக்கள் 82,000. வயிற்றில் நீர் கோர்த்திருந்தது, மாத்திரையில் வடிந்துவிட்டது. ரிப்போர்ட் நார்மலாக இருக்கும்போது தெம்பு இல்லை என்பது எப்படி?

பதில்: குழப்பத்துக்குக் காரணம் அந்த ரிப்போர்ட்டின் தலைப்புதான். ‘லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்’ என்று போட்டிருக்கும். ஆனால் முதலில் எல்லார் கண்ணும் போகிற எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் கல்லீரல் வேலை செய்கிறதா என்று காட்டுபவை அல்ல. அவை செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும், எண் ஏறும். எவ்வளவு சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்று அதிலிருந்து தெரியும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாது. முற்றிய சிர்ரோசிஸில் அடிபடுவதற்கே செல்கள் குறைவு, அதனால் எண்ணும் சாதுவாகத் தெரியும். ஏ.எஃப்.பி என்ற ரத்தச் சோதனையையும் சிலர் இதோடு சேர்த்துக் கவலைப்படுகிறார்கள். அது கட்டியைப் பற்றிய குறியீடு, கல்லீரலின் தெம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தெம்பைப் பார்க்க, கல்லீரல் எதைத் தயாரிக்கிறது, எதை வெளியேற்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஆல்புமின் அங்கேதான் தயாராகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறக்குறைய மூன்று வாரம் என்பதால் அது பழைய கதையைச் சொல்லும். ரத்தம் உறைவதற்கான புரதங்களில் சில மணிக்கணக்கில் தீர்ந்துவிடும். அவற்றின் நிலையைக் காட்டும் ஐ.என்.ஆர் இன்றைய கதையைச் சொல்லும். பிலிருபின் காட்டுவது, கழிவை வெளியே தள்ளும் திறனை.

சரி, அப்பாவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். சைல்ட்-பியூ என்பது சிர்ரோசிஸில் கல்லீரலின் தெம்பை எடைபோடும் புள்ளிக் கணக்கு. அதில் ஐந்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளி. பிலிருபின் 2-க்கும் 3-க்கும் நடுவில்: 2 புள்ளி. ஆல்புமின் 2.8-க்கும் 3.5-க்கும் நடுவில்: 2. ஐ.என்.ஆர் 1.7-க்குக் கீழே: 1. வயிற்று நீர் வடிந்துவிட்டாலும் மாத்திரையால்தான் அடங்கியிருக்கிறது, அதனால் 2. கல்லீரல் தளர்வதால் வரும் மூளைக் குழப்பம் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்: 1. மொத்தம் 8. 5, 6 வந்தால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10-உம் அதற்கு மேலும் சி. உங்கள் டாக்டர் சொன்னது சரி.

நானாக இருந்தால் இதைவிட அந்த 82,000-ஐத்தான் முதலில் பார்த்திருப்பேன். இறுகிப்போன கல்லீரலுக்குள் ரத்தம் எளிதாக நுழைய முடியாமல் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தேக்கிக்கொள்கிறது. சிர்ரோசிஸ் உள்ளவருக்குத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அந்த அழுத்தம் இருக்கிறது என்றே சந்தேகிப்போம். வயிற்றில் நீர் கோர்த்ததும் அதனால்தான். இப்படிப்பட்ட கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டினால் கட்டி போய்விடும். மிச்சப் பகுதி தாக்குப்பிடிக்காமல் ஆபரேஷனுக்குப் பின் கல்லீரல் செயலிழக்கும் அபாயம் அதிகம்.

இந்த எண்கள் நம்மை ஏமாற்றவும் கூடும். ஆல்புமின் பாட்டில் ஏற்றிய கையோடு ரத்தம் எடுத்தால் ஆல்புமின் நன்றாகத் தெரியும். கட்டி பித்தக்குழாயை அழுத்தினால், கல்லீரல் ஓரளவு நன்றாக இருந்தும் பிலிருபின் ஏறும். வைட்டமின் கே குறைந்தாலும், வார்ஃபரின் சாப்பிட்டாலும் ஐ.என்.ஆர் கூடும். இவற்றில் ஏதாவது இருந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சைல்ட்-பியூவில் வயிற்று நீரையும் குழப்பத்தையும் எடைபோடுவது டாக்டரின் கணிப்பைப் பொறுத்தது. ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தவிர்க்க வந்ததுதான் ஆல்பி என்ற கணக்கு. பிலிருபினும் ஆல்புமினும் மட்டும் போதும். அப்பாவுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 1.57, அதாவது இரண்டாம் நிலை. இதிலும் நடுத்தரம்தான். பச்சைச் சாயம் ஏற்றி 15 நிமிடத்தில் ரத்தத்தில் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்கும் ஐ.சி.ஜி சோதனையும் உண்டு. பிலிருபின் ஏறியிருக்கும்போது அதை நம்ப முடியாது.

இப்போது முக்கியமான விஷயம். அப்பாவுக்கு இருப்பது ஒரு நோயல்ல, இரண்டு: கட்டி, அது முளைத்த கல்லீரல். வெட்டி எடுப்பது முதலாவதை மட்டும் தீர்க்கும். கல்லீரல் மாற்று இரண்டையும் தீர்க்கும். ஒரே கட்டி, 5 செ.மீ.க்குள், ரத்தக்குழாயில் பரவவில்லை என்றால் அது கல்லீரல் மாற்றுக்கு யார் பொருத்தம் என்று சொல்லும், 1996-இல் வந்த மிலான் வரம்புக்குள் அடங்கும். ஆபரேஷனுக்கு எதிராக நிற்கும் அதே பலவீனம், மாற்று சிகிச்சைக்கு வலுவான காரணம். அதனால் அடுத்த முறை, “மாற்றுக்கு மதிப்பீடு செய்யலாமா? காத்திருக்கும் காலத்தில் கட்டியை எப்படி அடக்கி வைப்பது?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி-க்கு வைரஸ் மாத்திரை ஓடுகிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். கிருமி அடங்கினால் சில மாதங்களில் இந்த 8 குறையவும் கூடும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஐந்தாவது அம்சமான மூளைக் குழப்பத்தை வீட்டிலிருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா? இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றனவா? வாரம் ஒருமுறை ஒரே நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கோணலாகிக்கொண்டே போனால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். இரவில் தூக்கமில்லையே என்று நீங்களாகத் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். லேசான குழப்பத்தை அது ஒரே இரவில் மயக்கமாக்கிவிடும்.