மூச்சடைப்புக்கு முற்பிறவியில் காரணம் தேடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. எட்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, 'செத்துவிடுவேன்' என்று பதறுகிறான். இதயத்தில் கோளாறு இல்லை, இது பேனிக் அட்டாக் என்று சொல்லி மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மூன்று வாரமாகியும் பலன் தெரியாததால் ஹிப்னாடிசம் செய்யும் ஒருவரிடம் போனோம். முற்பிறவியில் நீரில் மூழ்கி இறந்ததுதான் காரணம் என்றார். தம்பியும் அந்தக் காட்சியைக் கண்டதாகச் சொல்லி அழுதான். அதன்பின் இரண்டு வாரமாகக் கொஞ்சம் தேவலை. மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே தொடரலாமா? இது அறிவியல்தானா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கெடுதி எல்லாம் வரலாம். சில வகை மாத்திரைகளில் வலிப்புகூட வரலாம். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, தம்பி பொய் சொல்லவில்லை. அவர் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார், அழுததும் உண்மை. ஆனால் மனதில் தெளிவாகத் தெரிவதெல்லாம் நடந்தது என்று ஆகிவிடாது. நினைவு என்பது எடுத்துவைத்த புகைப்படம் அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. 1995-இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிறுவயதில் கடைவளாகத்தில் நீங்கள் தொலைந்துபோனீர்கள் என்று நடக்காத ஒன்றை, நடந்த மூன்று சம்பவங்களோடு கலந்து சொன்னார்கள். நாலில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ 'நினைவுகூர்ந்தார்'.

முற்பிறவிக் காட்சிகளையே நேரடியாக ஆராய்ந்தவர் உளவியலாளர் நிக்கோலஸ் ஸ்பானோஸ். 1991-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஹிப்னாடிசத்துக்கு முன்னால் என்ன எதிர்பார்க்கச் சொன்னார்களோ அதற்கேற்பவே பலருடைய 'முற்பிறவி' அமைந்தது. அந்தக் காலத்தைப் பற்றிச் சரிபார்க்கக்கூடிய தகவல்களைக் கேட்டபோது பெரும்பாலும் தவறாகச் சொன்னார்கள். மூச்சடைப்போடு வந்தவருக்கு நீரில் மூழ்கிய கதை கிடைப்பதில் எனக்கு வியப்பில்லை. ஹிப்னாடிசம் முழுக்கவே போலி என்று சொல்ல மாட்டேன். வலியைக் குறைக்க அது உதவுவதற்குச் சான்று உண்டு. பழைய நினைவைத் தோண்டி எடுக்க மட்டும் அதை நம்பவே கூடாது.

சரி, அப்படியானால் தேவலையானது எப்படி? தேதிகளைப் பாருங்கள். இந்த வகை மாத்திரைகள் வேலை செய்யப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஹிப்னாடிசத்துக்குப் போனது மூன்றாம் வாரம், தேவலையானது நாலாவது, ஐந்தாவது வாரம். அதோடு இந்த நோய் தானாகவே ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது இடம் தேடிப் போவோம். அதற்குப் பிறகு எது செய்தாலும் இறங்குமுகமாகத்தான் தெரியும். ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டதும் நிச்சயம் ஆறுதல் தந்திருக்கும். அந்தப் பொறுமையை, சிகிச்சை தரும் எங்களில் பலர் காட்டுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஹிப்னாடிசம் செய்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன நடந்தால் உங்கள் விளக்கம் தவறு என்று ஒத்துக்கொள்வீர்கள்?" அட்டாக் நின்றால் முற்பிறவி சரி, திரும்ப வந்தால் அதற்கும் முந்திய பிறவி என்றால், அந்த விளக்கம் எப்போதுமே தோற்க முடியாது. தோற்க வழியே இல்லாத விளக்கத்துக்கு அறிவியலில் இடமில்லை. உளவியலும் தவறு செய்திருக்கிறது. 2015-இல் வெளியான ஒரு பெரிய முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, பாதிக்கும் குறைவானவையே முன்பு வந்த முடிவைத் தந்தன. அதைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்களும் உளவியலாளர்கள்தான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. 'தண்ணீர் உன்னைக் கொன்றது' என்று நம்பத் தொடங்கினால் தம்பி குளத்தை, கடலை, நீச்சலைத் தவிர்ப்பார். பேனிக் நோய்க்குத் தீனியே தவிர்ப்புதான். எதை விட்டு ஓடுகிறோமோ அதன் மேல் பயம் வளரும். சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை இதற்கு நேர் எதிரான வழியில் போகும். சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க, வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொல்வார், நாற்காலியில் சுற்றச் சொல்வார். படபடப்பு வரும், சில நிமிடங்களில் இறங்கும், ஒன்றும் ஆகாது. 'செத்துவிடுவேன்' என்ற கணிப்பு தன் உடம்பிலேயே பொய்யாவதை அவர் பார்ப்பார். பல ஆய்வுகளில் பலன் தந்த சிகிச்சை இது. மாத்திரையோடு சேர்த்தும் செய்யலாம்.

அடுத்த முறை மனநல மருத்துவரிடம் போகும்போது அட்டாக் வந்த நாள், நேரம், எவ்வளவு நிமிடம் நீடித்தது, அன்று காபி எத்தனை முறை குடித்தார் என்று குறித்துக்கொண்டு போங்கள். தைராய்டு பரிசோதனை செய்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். அது அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். மயக்கம் வந்தாலோ, நடக்கும்போது நெஞ்சுவலி வந்தாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலோ அன்றைக்கே கூட்டிச் செல்லுங்கள். அப்புறம், ஹிப்னாடிசத்துக்குப் போனதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். தம்பி கண்ட காட்சியையும் அது தந்த பயத்தையும் தெரிந்துகொண்டால்தான் சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது என்று அவர் முடிவு செய்ய முடியும்.